பகலில் கேம், இரவில் படம்: கடற்கரைப் பக்க ஹோலுக்கு எந்தத் திரை?

கேள்வி சுருக்கமாக இது. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாக, மூன்றாம் மாடியில் தொடர்மாடி வீடு. ஹோலில் மேற்குப் பார்த்த கண்ணாடிக் கதவு, வெளியே பல்கனி. செட்டியிலிருந்து டிவி வைக்கும் சுவருக்கு ஒன்பது அடி. பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. பின்னேரத்தில் நான் விளையாடுவேன், இரவில் வீட்டாரோடு நெட்ஃபிளிக்ஸில் படம், பகலில் அம்மாவுக்குச் சீரியலும் செய்தியும், மேட்ச் நாளில் கிரிக்கெட். 55 அங்குல ஓஎல்இடி எடுக்கவா, 65 அங்குல கியூஎல்இடி எடுக்கவா, இல்லை ஒரு புரொஜெக்டரும் கேமுக்கு ஒரு மானிட்டருமாக வாங்கவா? ஓஎல்இடியில் திரை எரியும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

தம்பி, பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹோலுக்கு 65 அங்குல, 120 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும்), மினி எல்இடி பின்னொளி உள்ள, விஏ என்ற வகைப் பேனல் டிவி. கூடவே அந்த மேற்குக் கதவுக்குத் தடித்த கேட்டின் (திரைச்சீலை). டிவியின் இந்த நாலு விஷயத்தில் இரண்டைத்தான் கடையில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் காண்பீர்கள். மற்ற இரண்டையும் நீங்களே கேட்டும் பார்த்தும் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொன்றையும் விளக்கி, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அளவில் இருந்து தொடங்குவோம். படம் பார்க்கும்போது திரையின் அகலம் நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகையை நிரப்ப வேண்டும் என்பது சினிமாத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 65 அங்குல டிவியின் அகலம் சுமார் 144 சென்ரிமீற்றர். அது 30 பாகையை நிரப்ப, எட்டே முக்கால் அடியில் உட்கார வேண்டும். உங்கள் ஒன்பது அடிக்கு அப்படியே பொருந்துகிறது. 55 அங்குலத்துக்கு அதே கணக்கு ஏழரை அடி. ஒன்பது அடியில் 55 வைத்தாலும் படம் பார்க்கலாம்தான், ஆனால் கேமில் மூலையில் கிடக்கும் சின்ன வரைபடத்தையும் பொடி எழுத்தையும் வாசிக்க முன்னால் வந்து குந்த வேண்டி வரும். இன்னொன்று, ஒன்பது அடியில் 4கேயின் (குறுக்கே ஏறத்தாழ நாலாயிரம் புள்ளி) முழு நுணுக்கத்தையே கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆகவே 8கே என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். சூரியன் கடல் பக்கம் சாயும் நேரமும் நீங்கள் விளையாடும் நேரமும் ஒன்று. வெளிச்சம் கதவால் மட்டும் வருவதில்லை; நம் வீடுகளில் தரை வெள்ளை டைல்ஸ், சுவர் வெள்ளைப் பெயின்ட், இரண்டிலும் பட்டுத் திரும்பித் திரையில் விழுகிறது. கதவுக்கு நேரெதிர்ச் சுவரில் மட்டும் டிவியை மாட்டாதீர்கள். மாட்டினால் என்ன விலை கொடுத்து வாங்கினாலும் பின்னேரம் மூன்று மணிக்கு அதில் உங்கள் பல்கனிதான் தெரியும். கதவுக்கு முதுகு காட்டியும் வைக்க வேண்டாம், கண்ணுக்குக் கூசும். பக்கச் சுவர்தான் சரி.

இந்த வெளிச்சத்தில் ஓஎல்இடி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்போம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு என்றால் அந்த இடத்தில் ஒளியே இல்லை. இருட்டு அறையில் படம் பார்க்க இதைவிட நல்ல திரை வீட்டுக்குக் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முழுத் திரையும் வெளிச்சமாக இருக்கும் காட்சியில், உதாரணமாக மத்தியான வெயிலில் நடக்கும் கிரிக்கெட் மேட்ச், ஓஎல்இடி தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். கியூடி ஓஎல்இடி என்ற வகையில் வெளி ஒளியை விழுங்கும் போலரைசர் படலம் இல்லாததால், வெளிச்சமான அறையில் கறுப்பு கொஞ்சம் ஊதாச் சாம்பலாக வெளிறும். மேற்குக் கதவு உள்ள ஹோலில் இது நன்றாகவே தெரியும்.

திரை எரிதல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயமுறுத்தும் அளவுக்கு இல்லை, ஆனால் உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு இது முக்கியம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் சின்னம் தினமும் மணிக்கணக்காக ஒளிர்ந்தால், அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து, நிழல் போல ஒரு தடம் விழும். பலவிதமான கேம் விளையாடுகிறவருக்கு இது பெரிய ஆபத்தில்லை. காலையிலிருந்து ஒரே சேனல், மேல் மூலையில் அதே லோகோ, கீழே செய்தி ஓடும் பட்டை என்றால் ஆபத்துத்தான். அம்மாவிடம் சேனலை மாற்றி மாற்றிப் பாருங்கள் என்று சொல்லவா முடியும்?

அதோடு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஓஎல்இடிக்கு ஒத்துவராது. இரவில் படுக்கப் போகுமுன் சுவரில் உள்ள பிளக் சுவிட்சை அணைத்துவிடுவோம். இடி மின்னல் பயம், கரண்ட் பில், சின்ன வயதில் இருந்தே சொல்லித்தந்த பழக்கம், எல்லாம் சேர்ந்து. ஓஎல்இடி டிவி, ரிமோட்டால் அணைத்த பிறகுதான் தன் புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சரிசெய்யும் வேலையைச் செய்கிறது. எல்ஜி டிவிகளில் மொத்தம் நாலு மணி நேரம் பார்த்து முடித்து, அணைத்து வைத்தால் அந்த வேலை தானாக ஓடும். சில நிமிட வேலைதான், ஆனால் அந்த நேரம் கரண்ட் இருக்க வேண்டும். ரிமோட்டை அமர்த்திய கையோடு சுவிட்சையும் தட்டிவிட்டால் அது ஒரு நாளும் நடக்காது. நாளை வேறு வீட்டுக்குப் போய், கேட்டின் போட்ட தனி அறையில் ஓஎல்இடி வைத்தால் இதை மட்டும் ஞாபகம் வையுங்கள்: ரிமோட்டால் அணையுங்கள், பல் தீட்டிவிட்டு வந்து சுவிட்சை அணையுங்கள்.

சரி, ஓஎல்இடி இல்லையென்றால் எல்சிடி. கடையில் 'எல்இடி', 'கியூஎல்இடி', 'மினி எல்இடி' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் மூன்றும் எல்சிடிதான். பின்னால் விளக்கு, முன்னால் அந்த ஒளியை மறைக்கும் படலம். கியூஎல்இடி என்ற எழுத்து நிறத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. குவாண்டம் டொட் படலம் நிறங்களைச் சுத்தமாக்கும், கறுப்பைக் கறுப்பாக்காது. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த, 60 ஹேர்ட்ஸ் டிவியின் மேலும் கியூஎல்இடி என்று எழுதலாம், எழுதுகிறார்கள். நீங்கள் நினைத்திருக்கும் 65 அங்குல கியூஎல்இடி அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

கறுப்புக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று பேனல். ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1000க்கு 1. விஏ பேனலில் 3000, 4000, சிலவற்றில் அதற்கும் மேல். விளக்கை அணைத்துவிட்டு ஓர் இரவுக் காட்சி பார்த்தால் இந்த வித்தியாசம் எண்ணாக இல்லாமல் கண்ணிலேயே தெரியும். அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை விஏயில் சுவரோடு கலந்துபோகும், ஐபிஎஸ்ஸில் சாம்பல் நிறமாக மினுங்கிக்கொண்டு நிற்கும். விஏயின் குறை, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஒற்றைச் செட்டியில் ஓரமாக உட்காருகிறவர் அதைச் சகிக்க வேண்டும். இரண்டாவது, பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி. மினி எல்இடி என்றால் பின்னால் மிகச் சிறிய விளக்குகள் ஏராளமாக, நூற்றுக்கணக்கான வலயங்களாகப் பிரிந்து, இருட்டு வரும் இடத்தில் மட்டும் மங்கும். பகலில் அதே விளக்குகள் ஓஎல்இடியைவிட அதிக வெளிச்சம் தரும். உங்கள் ஹோலுக்கு இதை நான் சொல்வது அதனால்தான்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் பட முறை, பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் எச்டிஆர்10 என்று இருப்பதன் அர்த்தம், டிவி அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே. 300 நிட்ஸ் வெளிச்சமும் வலயமில்லாத பின்னொளியும் உள்ள டிவியில் எச்டிஆர் படம் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும். டொல்பி விஷன் என்ற இன்னொரு எச்டிஆர் வகை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 அதைத் தருவதே இல்லை, சாம்சங் டிவிகளிலும் கிடையாது. நெட்ஃபிளிக்ஸுக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதே படம் எச்டிஆர்10 ஆக ஓடும்.

இனி 120 ஹேர்ட்ஸ். இது கேமுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படத்துக்கும் இதனால் லாபம் உண்டு. சினிமா விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). 60 ஹேர்ட்ஸ் திரையில் 24 சரியாகப் பங்கிடாது. ஒரு சட்டம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று காட்ட வேண்டியிருக்கும். கமெரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு திக்கல் தெரிவது இதனால்தான். 120ஐ 24ஆல் பிரித்தால் மிச்சமில்லாமல் ஐந்து. கேமில், பிளேஸ்டேஷன் 5இன் பெரும்பாலான விளையாட்டுகள் 30 அல்லது 60 சட்டத்தில்தான் ஓடும், 120 சட்டத்தில் ஓடுபவை குறைவு. ஆனால் சில கேம்களில் 40 சட்ட முறை ஒன்று இருக்கிறது, அது 120 ஹேர்ட்ஸ் திரையில் மட்டும் வேலை செய்யும். பெயரளவில் 30க்கும் 40க்கும் பத்துத்தான் வித்தியாசம். ஒரு சட்டம் நிற்கும் நேரமோ 33 மில்லி விநாடியிலிருந்து 25ஆகக் குறைகிறது, 60 சட்டத்தின் 16.7க்குப் பாதி வழி வந்துவிடுகிறது. அழகும் குறையாமல் ஓட்டமும் இலகுவாக இருக்கும். விஆர்ஆர் என்ற வசதியும் இந்த வகை டிவிகளில்தான் பயன்படும். கேம் திணறும்போது திரை தன் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை அது. 2022 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது, 48க்கும் 120க்கும் இடையில் வேலை செய்கிறது.

இங்கேதான் பெட்டி எழுத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். 'மோஷன் ரேட் 120', 'மோஷன் 240' என்பதெல்லாம் பேனலின் வேகம் இல்லை, இடைச்சட்டங்களைச் செயற்கையாகச் செருகும் வித்தைக்கு வைத்த பெயர். பேனலின் உண்மையான புதுப்பிப்பு வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு 4கே படத்தை 120 ஹேர்ட்ஸில் வாங்கக்கூடிய எச்டிஎம்ஐ 2.1 துவாரம் எத்தனை என்று கேளுங்கள். நாலு துவாரம் இருக்கும் பல டிவிகளில் இரண்டில் மட்டும் 4கே 120 வரும், அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான ஈஆர்க் துவாரமாகவும் இருக்கும். உங்களிடம் ஒரே கேம் பெட்டி, ஆகவே பரவாயில்லை. நாளைக்கு கம்பியூட்டரும் இணைக்க நினைத்தால் இடிக்கும்.

புரொஜெக்டரை இந்த ஹோலுக்கு நான் சொல்லமாட்டேன். வெள்ளைச் சுவரில் விழும் பகல் வெளிச்சம்தான் அதன் கறுப்பு. அதைவிடக் கறுப்பாக எந்தப் புரொஜெக்டராலும் காட்ட முடியாது. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் சின்னப் பெட்டிகளில் '4கே சப்போர்ட்' என்று இருக்கும், அது உள்ளே வாங்கும் சிக்னலின் அளவு. சுவரில் விழுவது 4கேயைவிட நுணுக்கம் குறைந்த 720பி அல்லது 1080பி. மானிட்டர் விஷயம் வேறு. அறையில் மேசை போட்டுத் தனியாக விளையாட எண்ணினால் 27 அங்குல 1440பி (1080பிக்கும் 4கேக்கும் இடைப்பட்ட நுணுக்கம்) மானிட்டர் நல்ல தெரிவு, 2022 செப்டெம்பரில் இருந்து பிளேஸ்டேஷன் 5 அந்த அளவைத் தருகிறது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும். ஆனால் அதில் வீட்டாரோடு படம் பார்க்க முடியாது, கேள்வியே அதுதானே.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவ் கொண்டு போங்கள். அதில் மூன்று விஷயம் போதும். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாக உள்ள ஒரு படம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், வெள்ளை சப்டைட்டில் உள்ள ஓர் இரவுக் காட்சி. ஒரு கிரிக்கெட் துண்டு, பந்து எல்லைக்கு ஓடும்போது கமெரா பின்தொடரும் இடம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் கம்பனி வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பூவும் வாணவேடிக்கையும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். டிவி கடை முறையில், கண்ணைப் பறிக்கும் நீல வெளிச்சத்தில் ஓடும். வீட்டு முறைக்கு மாற்றி, படத் தெரிவில் 'ஃபில்ம்மேக்கர்' அல்லது 'சினிமா' வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்பது அடி தள்ளி நில்லுங்கள். கிட்ட நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரியும்.

சாம்பல் படத்தில் அழுக்குத் துடைத்த துணி மாதிரித் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தத் திட்டுகள் கிரிக்கெட்டில் பச்சை மைதானம் நகரும்போது கண்ணில் குத்தும், ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு காணாமல் இருக்க முடியாது. இரவுக் காட்சியில் சப்டைட்டில் வரும் கணத்தைக் கவனியுங்கள். வலயங்கள் போதாத டிவியில் எழுத்தைச் சுற்றிப் புகை போல ஓர் ஒளி படரும், எழுத்து மறைந்ததும் பட்டை திரும்பக் கறுப்பாகும். கொஞ்சம் இருந்தால் பழகிவிடும். ஒவ்வொரு வசனத்துக்கும் பட்டை விட்டுவிட்டு மினுங்கினால் அந்த டிவியை விட்டுவிடுங்கள். கடைசியாக, பக்கத்தில் நகர்ந்து போய், எந்த இடத்தில் முகங்கள் வெளிறத் தொடங்குகின்றன என்று பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் வேறு கடை இருக்கிறது; காலி வீதி நெடுக ஷோரூம்தான். மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்து, ஆர்டிங்ஸ் போல அளந்து பார்க்கும் தளங்களில் தேடுங்கள். ஒரே வரிசையில் 55க்கும் 65க்கும் வேறு வேறு பேனல் போடுவது உண்டு, உங்கள் அளவுக்கான விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விலை பேசும்போது, 18 சதவீத வற் வரியும் சேர்ந்த கடைசி விலை எவ்வளவு, கடன் அட்டைத் தவணைக்கும் கைக்காசுக்கும் ஒரே விலையா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாரண்டி ஏஜென்டுடையதா, கடையுடையதா என்பதும் பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். பேனல் பழுதானால் மாற்றும் செலவு புது டிவி விலைக்குக் கிட்ட வரும், அங்கேதான் இதன் அருமை தெரியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் பின்பக்க ஸ்டிக்கரை வாசிக்கச் சொல்லுங்கள்: ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பிளேஸ்டேஷனைச் சொருகிய எச்டிஎம்ஐ துவாரத்துக்கு டிவி செட்டிங்கில் விரிவாக்கப்பட்ட சிக்னல் முறையை இயக்குங்கள். பல டிவிகளில் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், பிறகு ஏன் 120 வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்போம். பிளேஸ்டேஷன் பெட்டியோடு வந்த கேபிளையே பாவியுங்கள். கேம் முறையில் எச்ஜிஐஜி (எச்டிஆர் ஒளியை டிவி தன் பாட்டுக்கு மாற்றாமல் கேமிடமே விடும் முறை) என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிட்டு, பிளேஸ்டேஷனில் எச்டிஆர் சரிசெய்யும் திரைக்குப் போங்கள். முதல் இரண்டு பக்கத்திலும் வெள்ளைச் சின்னம் மறைந்தும் மறையாத இடத்தில் நிறுத்துங்கள், மூன்றாவதில் கறுப்பை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இதை இரவில் செய்தால் நல்லது. நெட்ஃபிளிக்ஸைப் பிளேஸ்டேஷனில் பார்க்காமல் டிவியில் உள்ள செயலியிலேயே பாருங்கள். படத் தெரிவைக் கேமுக்கு வேறாகவும் படத்துக்கு வேறாகவும் வைத்துக்கொள்ளலாம், மின்சாரமும் மிச்சம். 4கே வேண்டுமென்றால் பிரீமியம் திட்டமும் 15 எம்பிபிஎஸ் வேகமும் தேவை. படத்துக்கு இடைச்சட்டம் செருகும் வித்தையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல படமும் சீரியல் மாதிரி வழுக்கும்.

மின்சாரம். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் வானம் இருட்டினால், இடி தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் கம்பியையும் கழற்றுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாலும் வரும். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்து, திரும்ப வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். டிவிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் சேர்த்து நல்ல சேர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. பல்கனிக் கதவு திறந்தே இருக்கும் வீட்டில் எச்டிஎம்ஐ முனைகளும் பிளக் முனைகளும் பச்சை பிடிப்பதைக் காணலாம். டிவியைக் கதவிலிருந்து முடிந்த அளவு தூரம் தள்ளி வையுங்கள், பின்பக்கத்தை அடிக்கடி உலர்ந்த துணியால் துடையுங்கள். சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் அங்கே போய்ச் சேரும், அதையும் பாருங்கள்.

டெலிவரிக்கு முன் லிஃப்டை அளந்துவிடுங்கள். 65 அங்குல டிவியின் பெட்டி ஐந்தடிக்கு மேல் நீளம், அதைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது. பழைய கட்டிட லிஃப்டில் நிமிர்த்தியபடி நுழையாவிட்டால் படியால்தான் தூக்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கடையில் முதலே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து, டிவியைப் போட்டு, அந்தச் சாம்பல் படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டு நாலு மூலையும் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். பெட்டியையும் ரெஜிபோமையும் இரண்டு கிழமைக்கு எறிய வேண்டாம்; குறை இருந்து திருப்பிக் கொடுப்பதானால் பெரும்பாலான கடைகள் அதைத்தான் முதலில் கேட்கும்.